தைத்த பையில் கரிமணல்

மேலத்துறை
பிப்ரவரி 9, 2025

மரியே வாழ்க!

அன்புத் தம்பி மகிழனுக்கு,

நானும் அத்தானும் சுகம். உன் சளி விட்டதா? தொண்டையில் கட்டிக்கொள்ள ஒரு துண்டு வாங்கு என்று சொன்னேனே, வாங்கினாயா? வாங்கியிருக்க மாட்டாய்.

இதைக் கொண்டுவரும் தீப்தி என்னிடம் இயற்பியல் படித்த பெண். மொன்றியலில் மேல்படிப்பு படிக்கிறாள். அண்ணன் கல்யாணத்துக்கு வந்துவிட்டுத் திரும்புகிறாள். அவளிடம் கருப்பட்டி, நெத்திலிக் கருவாடு, மீன் மசாலா கொடுத்திருக்கிறேன். கூடவே ஒரு சின்னத் துணிப் பை இருக்கும். அம்மாவின் நீலச் சேலையில் தைத்தது. நான்கு பக்கமும் இறுக்கித் தைத்திருக்கிறேன், பிரிக்காதே. உன்னோடு வைத்துக்கொள். ஊருக்கு வரும்போது மறக்காமல் எடுத்துக்கொண்டு வா. என்ன, ஏன் என்று இப்போது கேட்காதே. குடும்ப வாட்ஸப்பில் மூச்சு விடாதே, அங்கே ஆளுக்கு ஒன்று சொல்வார்கள். எனக்கு மட்டும் மின்னஞ்சல் அனுப்பு.

அம்மாவின் அடக்கத்துக்கு நீ ஏன் வரவில்லை என்று அத்தை இன்னும் கேட்டுக்கொண்டுதான் இருக்கிறாள். வேலை அனுமதி புதுப்பிப்பில் கிடந்தது, வெளியே போனால் திரும்ப உள்ளே விட மாட்டார்கள் என்று சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது. நீ மனதில் போட்டுக்கொள்ளாதே.

நேரத்துக்குச் சாப்பிடு.

உன் அக்கா,
சிசிலி

*

மொன்றியல்
பிப்ரவரி 23, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீயும் அத்தானும் நலமா? உன் முட்டி வலி எப்படி? துண்டு வாங்கிவிட்டேன். உண்மையாகத்தான்.

தீப்தி எல்லாவற்றையும் பத்திரமாகக் கொண்டுவந்தாள். கருவாட்டை வறுத்தேன். மேல்வீட்டுக்காரி கதவைத் தட்டி பிரெஞ்சில் ஏதோ சொன்னாள். நல்ல வார்த்தையாக இருக்காது.

துணிப் பை என் கோட்டின் உள்பையில் இருக்கிறது. பார்க்கச் சின்னதாக இருந்தாலும் கையில் வைத்தால் கனமாகத்தான் இருக்கிறது. சரி, கேட்கவில்லை.

வேலையிடத்தில் ஒரு நல்ல சேதி உண்டு. டோர்வலில் விமான நிலையத்துக்குப் பக்கத்தில் நான் என்ன செய்கிறேன் என்று நீ அடிக்கடி கேட்பாய். புற்றுநோய் பார்க்க ஆஸ்பத்திரிகள் கேட்கும் கதிரியக்க மருந்துகளை ஈயக் கூட்டில் அடைத்து விமானத்துக்கு அனுப்புகிற கம்பெனி. நான் அடைக்கிறவன், அவ்வளவுதான். இப்போது நிரந்தர இடம் ஒன்று காலியாகியிருக்கிறது. பாதுகாப்பு விசாரணையில் தேறினால் அது எனக்கு. அது கிடைத்தால்தான் இந்த நாட்டில் என் இருப்பு உறுதியாகும். அதற்குப் பிறகு நினைத்தபோது ஊருக்கு வரலாம், போகலாம். செபம் சொல்லிக்கொள்.

அத்தானைக் கேட்டதாகச் சொல்.

அன்புடன்,
மகிழன்

*

மொன்றியல்
மார்ச் 14, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உடம்பு நலம்தான். மனதுதான் இல்லை. நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டும்.

அந்தப் பையில் என்ன வைத்தாய்?

செவ்வாய்க்கிழமை அம்மாவின் பிறந்தநாள். கோட்டோடு அலமாரியில் வைக்க மனசு வராமல், பையைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டு வேலைக்கூடத்துக்குள் போய்விட்டேன். வெளியே வரும்போது கையையும் காலையும் ஒரு கருவியில் வைத்துக் காட்ட வேண்டும். ஒட்டியிருக்கிற கதிரியக்கத்தைப் பார்க்கிற கருவி. அது அலறியது. நான் ஏதோ மருந்தைச் சிந்திவிட்டேன் என்று கூடத்தையே மூடினார்கள். எல்லோரையும் சோதித்தார்கள். மருந்தை ஏற்றாமலே அன்றைய விமானம் போய்விட்டது. மருந்துக்காகக் காத்திருந்த நோயாளிகளுக்கு நாளை வா என்று சொல்லியிருப்பார்கள். அதை நினைத்தால் சோறு இறங்கவில்லை.

பிறகு பையைக் கண்டுபிடித்துப் பிரித்தார்கள். உள்ளே மணல். கருவியில் வைத்தால் தோரியம் என்கிறது. எங்கள் கூடத்தில் தோரியமே கிடையாது.

பாதுகாப்பு அதிகாரி மதாம் கான்யோன் என்னை உட்காரவைத்துக் கேட்டார். இது எங்கிருந்து வந்தது? யார் கொடுத்தது? இது அணு ஆயுதத்துக்கு மூலமான பொருள்களில் ஒன்று என்று உங்களுக்குத் தெரியுமா? நான் பெட்டி அடைக்கிறவன், எனக்கு என்ன தெரியும் என்றேன். அவர் எழுதிக்கொண்டார்.

இது என்ன மணல் அக்கா? எங்கே எடுத்தாய்? தோரியத்துக்கும் குண்டுக்கும் என்ன சம்பந்தம்? பிளஸ் டூ பிள்ளைகளுக்குச் சொல்வதுபோல எனக்குச் சொல். அடுத்த முறை கேட்டால் முழிக்காமல் இருக்க வேண்டும்.

உடனே பதில் போடு.

மகிழன்

*

மேலத்துறை
மார்ச் 16, 2025

பொருள்: அணுகுண்டு வகைகளும் மூலப்பொருள்களும்

மரியே வாழ்க!

அன்புத் தம்பிக்கு,

இங்கே அனைவரும் சுகம். நீ முதலில் சாப்பிடு. பட்டினி கிடந்து விசாரணைக்குப் போகாதே.

பாடம் கேட்டாய், சொல்கிறேன். குண்டில் அடிப்படையாக இரண்டு வகை. ஒன்று பிளப்புக் குண்டு. கனமான அணு உடைந்து சக்தி வருகிறது. அதற்கு யுரேனியம்-235 வேண்டும், அல்லது புளூட்டோனியம்-239. ஹிரோஷிமாவில் விழுந்தது யுரேனியம், நாகசாகியில் விழுந்தது புளூட்டோனியம். யுரேனியம் மண்ணில் கிடைக்கும். ஆனால் உடைகிற வகை அதில் ஆயிரத்துக்கு ஏழு பங்குதான். அதைப் பிரித்தெடுக்க ஒரு அரசாங்கமே வேலை செய்ய வேண்டும். புளூட்டோனியத்தைத் தோண்டி எடுக்க முடியாது. அது அணு உலையில் பிறப்பது.

இரண்டாவது ஹைட்ரஜன் குண்டு. லேசான அணுக்கள் சேர்ந்து சக்தி தருவது. டியூட்டீரியம், டிரிட்டியம் என்பார்கள். அதைப் பற்றவைக்க முதல் வகைக் குண்டுதான் தீக்குச்சி. ஊரையே அழிக்கிற குண்டு அதற்குத் தீக்குச்சி என்றால் நீயே யோசித்துக்கொள். நியூட்ரான் குண்டு இதன் தம்பி. வெடிப்பைக் குறைத்துக் கதிர்வீச்சைக் கூட்டியது. அழுக்குக் குண்டு என்று பத்திரிகையில் வருவது அணுகுண்டே அல்ல, சாதாரண வெடியோடு கதிரியக்கப் பொருளைச் சிதறவிடுவது.

இனி உன் தோரியம். அது தானாகக் குண்டாகாது. உலைக்குள் போய் நியூட்ரானை வாங்கினால்தான் யுரேனியம்-233 ஆகும். அதுதான் உடையும். ஒரு பிடி மணலை வைத்துக்கொண்டு உன் மதாம் வேண்டுமானால் பாத்திரம் தேய்க்கலாம், வேறொன்றும் நடக்காது. நம் கடற்கரைக் கரிமணலில் மோனசைட் உண்டு, அதில் தோரியம் உண்டு. நாம் அதன் மேலேதான் ஓடி விளையாடினோம்.

அந்த மதாமிடம் இன்னொன்றும் சொல். 1974இல் இந்தியா முதலில் வெடித்ததற்குப் புளூட்டோனியம் வந்தது கனடா கொடுத்த உலையிலிருந்து. யார் யாரை விசாரிப்பது?

மணல் எங்கே எடுத்ததா? கடற்கரையில்தான். போதும்.

துண்டைக் கட்டிக்கொள்.

உன் அக்கா,
சிசிலி

*

மொன்றியல்
மார்ச் 18, 2025

அக்கா,

நலம் விசாரிக்கிற நிலையில் நான் இல்லை, மன்னித்துக்கொள்.

இதையா மின்னஞ்சலில் அனுப்புவாய்? அதுவும் மேலே கொட்டை எழுத்தில் தலைப்புப் போட்டு? தோரியத்தோடு பிடிபட்டவனுக்கு, தோரியத்தைக் கொடுத்தவள் அணுகுண்டு வகைகளை விளக்கி எழுதுகிறாள்! நான் கேட்டேன், ஒத்துக்கொள்கிறேன். கேட்டால் இப்படியா?

பயத்தில் அதை அழித்துவிட்டேன். அழிப்பதற்கு முன்பு, மெட்ரோவில் படிக்கலாம் என்று அலுவலக அச்சுப்பொறியில் ஒரு பிரதி எடுத்தேன். இரண்டு பக்கம். வீட்டுக்கு வந்து பார்த்தால் கையில் ஒரு பக்கம்தான் இருக்கிறது. மற்றது அச்சுப்பொறியிலேயே தங்கிவிட்டது. காலையில் ஓடிப் போய்ப் பார்த்தேன், இல்லை.

இனிமேல் மின்னஞ்சல் வேண்டாம். தபாலில் எழுது. கடற்கரை என்று மட்டும் சொன்னால் அவர்கள் விட மாட்டார்கள். எந்த இடம், எதற்காக எடுத்தாய் என்று எழுது.

மகிழன்

*

மேலத்துறை
மார்ச் 27, 2025

மரியே வாழ்க!

அன்புத் தம்பிக்கு,

நாங்கள் சுகம். இது உன் கைக்கு வரும்போது நீயும் தெளிந்திருப்பாய் என்று நம்புகிறேன்.

உன்னைப் பயமுறுத்திவிட்டேன். நான் எழுதியதெல்லாம் பாடப்புத்தகத்தில் உள்ளது, ஆனாலும் உன் இடத்தில் இருந்து பார்க்கவில்லை. வருத்தமாக இருக்கிறது. அத்தானிடம் சொன்னேன். "படிச்சவளுக்கு இருக்குற புத்தியப் பாரு. திருடன்னு பிடிபட்டவனுக்குச் சாவியப் பத்திப் பாடம் நடத்துனியாக்கும்" என்றார். இரண்டு நாள் அவரோடு பேசவில்லை.

மணலைப் பற்றி மேலும் கேட்காதே. இந்த மணலை அரசு அனுமதி இல்லாமல் நாட்டை விட்டு வெளியே அனுப்பக் கூடாது. இயற்பியல் டீச்சருக்குத் தெரியாதா? தெரியும். ஒரு கைப்பிடிதானே என்று நினைத்தேன். எந்த இடம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டால் என் வேலைக்கு என்ன ஆகும் என்று தெரியவில்லை.

ஊரில் புதிதாக ஒன்றும் இல்லை. பங்குக்குருவானவர் கல்லறைத் தோட்டத்தைச் சீராக்கப் போகிறாராம். கொத்தனார் வந்து அளவெடுத்துவிட்டுப் போனார்.

உடம்பைக் கவனி. செபமாலையில் உன்னைத்தான் முதலில் வைக்கிறேன்.

உன் அக்கா,
சிசிலி

*

மொன்றியல்
ஏப்ரல் 19, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதம் முந்தாநாள்தான் கிடைத்தது. மூன்று வாரமாகத் தபால்பெட்டியைத் திறந்து திறந்து அதன் கதவே கழன்றுவிடும்போல் இருந்தது. உன் முட்டி வலி பற்றி நீ ஒரு வார்த்தை எழுதவில்லை. நலமா?

காணாமல்போன பக்கம் மதாம் கையில்தான் இருந்தது. தமிழ் எழுத்துக்கு நடுவில் 233, 1974 என்று எண்கள். வேறென்ன வேண்டும்? என்னோடு வேலை செய்கிற தனோஜனைக் கூப்பிட்டு, இதில் என்ன இருக்கிறது என்று கேட்டிருக்கிறார். தனோஜன் யாழ்ப்பாணத்துக்காரர். படித்துச் சொல்லிவிட்டு நேராக என்னிடம் வந்தார்.

"இது பள்ளிக்கூடத்து ஏ.எல். பாடம் மாதிரிக் கிடக்குது எண்டு சொன்னனான். உண்மையும் அதுதானே? ஆனா உங்கட அக்கா கடைசியிலை கனடாவுக்கும் ஒரு குத்து விட்டிருக்கிறா. அதையும் சொல்லத்தான் வேண்டி வந்தது, அண்ணை. நான் பொய் சொன்னா என்ரை வேலையும் போயிடும்."

"மதாம் என்ன சொன்னார்?"

"சிரிச்சவ. சிரிச்சுப்போட்டு, இதை ஏன் அவர் அழிச்சவர் எண்டு கேட்டவ. அதை நீங்கள்தான் அவவுக்குச் சொல்லவேணும்."

முந்தின நாள் மதாம் அந்த மின்னஞ்சலைக் காட்டச் சொன்னபோது, பயந்து அழித்துவிட்டேன், இனித் தபால்தான் என்று நானே உளறியிருந்தேன். குண்டைப் பற்றி எழுதியது குற்றமில்லையாம், அது நூலகத்திலேயே இருக்கிறதாம். அழித்ததும், தபாலுக்கு மாறியதும்தான் அவர்களுக்கு உறுத்துகிறது. மதாம் ஒன்று மட்டும் கேட்கிறார். மணல் எங்கே, எப்போது, எதற்காக எடுக்கப்பட்டது என்று கொடுத்தவர் கையெழுத்திட்டுத் தர வேண்டும். இல்லாவிட்டால் விசாரணையில் நான் தேற மாட்டேன். தேறாவிட்டால் வேலை அனுமதியும் இதோடு சரி.

உன் வேலையைக் கெடுத்து என் வேலையைக் காப்பாற்று என்று கேட்க எனக்கு நாக்கு வரவில்லை. ஆனாலும் கேட்கிறேன். எனக்கு வேறு வழி இல்லை அக்கா.

அன்புடன்,
மகிழன்

*

மேலத்துறை
மே 4, 2025

மரியே வாழ்க!

அன்புத் தம்பிக்கு,

முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. மற்றபடி சுகம். நீ மெலிந்துவிட்டாய் என்று தீப்தி அவள் அம்மாவிடம் சொல்லியிருக்கிறாள். எனக்குச் செய்தி வராது என்று நினைக்காதே.

கையெழுத்திட்ட தாள் இதோடு இருக்கிறது. ஆங்கிலத்தில் எழுதியிருக்கிறேன். உனக்குத் தமிழில் சொல்கிறேன்.

அம்மாவைக் குழியில் இறக்கிய பிறகு எல்லோரும் ஒரு பிடி மண் போட்டோம். அத்தான் போட்டார், அத்தை போட்டாள், யார் யாரோ போட்டார்கள். நான் என் கைப்பிடியைப் போட்டுவிட்டு நின்றேன். குழிவெட்டுகிறவர், "டீச்சர், இன்னும் யாராச்சும் உண்டா? மூடட்டுமா?" என்று கேட்டார். பெற்ற மகன் உண்டு என்று எப்படிச் சொல்வது? குழியின் விளிம்பிலிருந்து இன்னொரு பிடி எடுத்து முந்தானையில் முடிந்துகொண்டேன். அது உன் பங்கு. நீ போட வேண்டிய மண்.

உன் கையில் கொஞ்ச நாள் இருந்து, பிறகு நீயே கொண்டுவந்து போட வேண்டும் என்று நினைத்துத்தான் அனுப்பினேன். சொன்னால் நீ அன்றைக்கே விமானம் ஏறிவிடுவாய், வேலை போய்விடும் என்று பயந்து சொல்லவில்லை. நம் கல்லறைத் தோட்டமும் கடற்கரைதானே, அங்கேயும் கரிமணல்தான். டீச்சருக்கு அது தெரியாமல் இல்லை. அன்று நான் டீச்சராக நிற்கவில்லை.

என் வேலையைப் பற்றி யோசிக்காதே. வந்தால் பார்த்துக்கொள்ளலாம்.

சாப்பிடு. அழாதே. அழுதாலும் சாப்பிட்டுவிட்டு அழு.

உன் அக்கா,
சிசிலி

*

மொன்றியல்
ஜூன் 15, 2025

அன்புள்ள அக்காவுக்கு,

உன் கடிதத்தை மெட்ரோவில் படித்தேன். இறங்க வேண்டிய நிலையத்தைத் தாண்டிப் போய்விட்டேன். பக்கத்தில் இருந்த ஒரு பெண்மணி கைக்குட்டை கொடுத்தார். உடம்பு நலம்தான். நீங்கள் எல்லோரும் நலமாக இருங்கள்.

அம்மாவின் மண்ணைக் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டு திரிந்திருக்கிறேன். ஒருநாள்கூடப் பிரித்துத் தொடவில்லை. நீ பிரிக்காதே என்றாய், நானும் சொன்ன சொல் கேட்டேன். முதலில் பிரித்தவர்கள் கையுறை போட்டவர்கள். இதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை.

மதாமிடம் தாளைக் கொடுத்தேன். படித்துவிட்டுத் தாளைக் கவனமாக மடித்து வைத்தார். பிறகு தன் அப்பாவைப் பற்றிச் சொன்னார். ஜனவரியில் இறந்தாராம். இங்கே சில ஊர்களில் குளிர்காலத்தில் தரை கல்லாக உறைந்துவிடும், குழி வெட்ட முடியாது. பெட்டியை ஒரு கட்டடத்தில் வைத்திருந்து, பனி உருகிய பிறகுதான் புதைப்பார்கள். மே மாதத்தில்தான் போய் அடக்கம் செய்துவிட்டு வந்தாராம். "நாங்கள் தரை இளகுவதற்காகக் காத்திருந்தோம். உங்கள் அம்மாவின் தரை உங்களுக்காகத் திறந்திருக்கிறதா?" என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. திறந்திருக்கிறதா அக்கா?

தாள் என்னைக் காப்பாற்றியது, ஆனால் பாதிதான். சந்தேகம் இல்லை என்று எழுதியிருக்கிறார். மேலிடத்து மறுபரிசீலனை டிசம்பர் வரை போகும். அதற்குள் நாட்டை விட்டுப் போனால் கோப்பை மூடிவிடுவார்கள், இடம் வேறொருவருக்கு. மணல் திரும்பக் கிடைக்காது. கழிவுப் பீப்பாயில் போட்டு மூடியாகிவிட்டது. மன்னிப்புக் கேட்டார். அதற்கு மேல் அவரால் முடியாது.

அம்மாவின் ஒரு பிடி மண் இந்த நாட்டில் எங்கேயோ ஈயத்துக்கு நடுவில் கிடக்கப் போகிறது. கொண்டுவந்து போட இனி என்னிடம் ஒன்றும் இல்லை.

அன்புடன்,
மகிழன்

*

மேலத்துறை
செப்டம்பர் 7, 2025

மரியே வாழ்க!

அன்புத் தம்பிக்கு,

எல்லோரும் சுகம். உடனே பதில் எழுதாததற்குக் கோபிக்காதே. பதினோரு வாரமாக இந்தக் கடிதத்தை எழுதுவதும் கிழிப்பதுமாக இருந்தேன். எழுதினால் உன் வேலையைக் கெடுத்தவளாவேன், எழுதாவிட்டால் அதைவிடப் பெரிய பாவம்.

உன் மதாம் கேட்டதற்குப் பதில், திறந்திருக்கிறது. கல்லறைத் தோட்டத்தில் எல்லாவற்றுக்கும் கான்கிரீட் போட்டாகிவிட்டது. அம்மாவுடையது மட்டும் இன்னும் மணல். கொத்தனார் வரும்போதெல்லாம் ஏதாவது சொல்லித் திருப்பி அனுப்பினேன். சிலுவைக்குக் கல் வரவில்லை என்றேன். பெயரில் எழுத்துப் பிழை என்றேன். அத்தானுக்குக் காய்ச்சல் என்றேன், அவர் அப்போது கடலில் இருந்தார். இப்போது பங்குக்குருவானவரே கூப்பிட்டுச் சொல்லிவிட்டார். நவம்பர் இரண்டு, கல்லறைத் திருநாளுக்குள் அதுவும் முடிந்திருக்க வேண்டும். சிமெண்டு போட்டுவிட்டால் அப்புறம் மண் போட முடியாது.

கொண்டுவர ஒன்றும் இல்லை என்று எழுதினாயே, பைத்தியக்காரா. மணலுக்கா இங்கே பஞ்சம்? உன் கைதான் இல்லை.

தோரியம் பாதியாகக் குறைய ஆயிரத்து நானூறு கோடி ஆண்டு ஆகும் என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறேன். உன் மண் அவ்வளவு காலமும் காத்திருக்கும். கொத்தனார் காத்திருக்க மாட்டார்.

வா என்று நான் சொல்லவில்லை. டிசம்பர் வரை இருந்தால் உன் வாழ்க்கை அங்கே நிலைக்கும். நீயே முடிவு செய். எதைச் செய்தாலும் உனக்காக நான் அத்தையிடம் பேசிக்கொள்கிறேன்.

துண்டு இருக்கிறதா? மறுபடியும் குளிர் வரும்.

உன் அக்கா,
சிசிலி

*

மொன்றியல்
அக்டோபர் 12, 2025

அன்புள்ள சிசிலி அக்காவுக்கு,

நலம். நீ நலமா என்று இனி நேரில் பார்த்துக்கொள்கிறேன். தபால் என்னைவிட மெதுவாக வரும் என்பதால் மின்னஞ்சலிலேயே எழுதுகிறேன். யார் வேண்டுமானாலும் படிக்கட்டும்.

கோப்பை மூடிவிடுங்கள் என்று மதாமிடம் சொன்னேன். காரணம் கேட்கவில்லை. விலகிய காரணம் என்ற இடத்தில், அம்மாவை அடக்கம் செய்யப் போகிறார் என்று அவரே எழுதினார். தனோஜன்தான் திட்டினார். "விசரே உங்களுக்கு? இன்னும் ரெண்டு மாசம் பொறுக்கேலாதே?" என்றார். பிறகு, "சரி, ஏர்போட்டுக்கு நான் கொண்டு போய் விடுறன்" என்றார்.

பயமாகத்தான் இருக்கிறது. திரும்பி வர முடியுமா, வந்தாலும் வேலை கிடைக்குமா என்று எதுவும் தெரியாது. ஆறு வருடம் இங்கே பல்லைக் கடித்துக்கொண்டு இருந்ததெல்லாம் வீண் என்று அத்தை சொல்லத்தான் போகிறாள். சொல்லட்டும்.

கடைசி நாள் வெளியே வரும்போது அந்தக் கருவியில் இரண்டு கையையும் வைத்தேன். பச்சை விளக்கு எரிந்தது. கையில் ஒன்றும் இல்லை என்று அர்த்தம். அந்தக் கையோடுதான் வருகிறேன்.

வியாழக்கிழமை மதியம் திருவனந்தபுரத்தில் இறங்குவேன். கொத்தனாரிடம் சொல், சிமெண்டு மூட்டையைப் பிரிக்க வேண்டாம்.

உன் தம்பி,
மகிழன்